ஜென்ட்ஸ் யாராவது வந்திருக்காங்களா?

புழல் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் சென்னைக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். “எப்போ ரிலீஸ் ஆனீங்க?” என்று கேட்பார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் இங்கே இடம் மாறி வந்த பிறகு எங்கள் ஊருக்கு வந்த வினை இது. நான் கல்யாணமாகி வந்தபோது புழல் என்றால் ஏரி. மகள் பிறந்தபோது புழல் என்றால் ஜெயில்.

2022இல் ஒரு விடியற்காலையில், விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டரில் என் ஆதார் அட்டையைப் பார்த்த பையனும் சிரித்தான். “புழலா மேடம்?” என்றான். நானும் சிரித்தேன். அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்த வாக்கியம் இது: “தம்பி, இந்தப் பெட்டியில ஒரு துப்பாக்கி இருக்கு.”

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

துப்பாக்கி என் மகளுடையது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தவள், அங்கே ஒருநாள் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியால் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்து, “ம்மா, நான் இதைத்தான் செய்யப்போறேன்” என்றாள். எட்டாம் வகுப்புப் பெண் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விடவில்லை. எழும்பூரில் இருக்கும் ரைஃபிள் கிளப்புக்கு, புழலிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்வந்தாள். ஒரு வருடம் கிளப் துப்பாக்கியில் சுட்டாள். பிறகு கோச் என்னைக் கூப்பிட்டு, சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது என்றார். புது ஜெர்மன் துப்பாக்கியின் விலையைக் கேட்டு வாயடைத்துப் போனேன். பழையது ஒன்று ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கிடைத்தது. சீட்டை எடுத்தேன். அம்மா போட்ட இரண்டு வளையல்களை விற்றேன். அவளுடைய அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே வேறு வீடு பார்த்துப் போயிருந்தார். அதைப் பற்றி இங்கே சொல்ல வேறெதுவும் இல்லை.

அந்தப் பெட்டியை நாங்கள் எடுத்துக்கொண்டு நடக்கும்போது ஊர் அதற்கு வைத்த பெயர்கள் பல. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அது வீணை. ஷேர் ஆட்டோக்காரருக்குக் கீபோர்டு. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன டாக்சி டிரைவர், “இன்னாம்மா, தையல் மிஷினா? இந்தக் கனம் கனக்குது?” என்றார். நான் ஆமாம் என்றேன். மாதவரம் தாண்டி நூறடி ரோட்டில் போகும்போது மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதுவரை வெளியூர்ப் போட்டிகளுக்கு ரயிலில்தான் போவோம். பெட்டியைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, அதற்கு மேலேயே நான் படுத்துக்கொள்வேன். அந்த முறை பள்ளித் தேர்வுக்கும் டெல்லிப் போட்டிக்கும் நடுவே இரண்டே நாள். விமானத்தைத் தவிர வழியில்லை. எனக்கும் அதுதான் முதல் விமானம்.

பயந்துகொண்டு போனேன் என்று நினைக்க வேண்டாம். என் தொழிலே ஆவணம்தான். பாரிமுனை லிங்கி செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் இவைதான் என் நாள். தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கியவள். அந்த அட்டை இருந்தால்தான் கஸ்டம்ஸ் முன்னால் கையெழுத்துப் போடலாம். நான் வாங்கியபோது ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் வராந்தாவில் கோப்புடன் நிற்கும் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கன்டெய்னர் கன்டெய்னராக ரசாயனத்தையும் இரும்பையும் காகிதத்தில் ஏற்றி இறக்கியவளுக்கு ஐந்து கிலோப் பெட்டி ஒன்று என்ன கஷ்டம்?

கோப்பை ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தேன். தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள அட்டை, மாநிலச் சங்கத்தின் கடிதம், போட்டி அழைப்பு, துப்பாக்கி வாங்கிய பில், உற்பத்தியாளரின் விவரத் தாள், டிக்கெட் எடுத்ததும் விமான நிறுவனத்துக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் “வரலாம்” என்று போட்ட பதில். எல்லாவற்றுக்கும் மேலே 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளிலிருந்து எடுத்த பக்கம், மஞ்சள் கோடு போட்டு.

அந்தப் பக்கம்தான் முக்கியம். நம் நாட்டில் பாயிண்ட் டூ டூ மாதிரி வெடிமருந்தால் இயங்கும் எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆனால் 4.5 மில்லிமீட்டர் குழாயும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்று அந்த விதிகள் சொல்கின்றன. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் அதில் பாதிகூடக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்று ஒரு சின்ன ஈயத் துணுக்கைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். மருந்தும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆனாலும் பார்ப்பதற்கு அது துப்பாக்கி. விமானத்தில் அதற்குத் துப்பாக்கிக்கு உரிய நடைமுறைதான். கையில் எடுத்துப் போகக் கூடாது. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். செக்-இன் பைகளோடு தனியாக, பூட்டிய பெட்டியில், குண்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, அழுத்தத்தை முழுக்க இறக்கி, அதன் முள் பூஜ்ஜியத்தில் நிற்பதைக் காட்ட வேண்டும். பாயிண்ட் டூ டூ சுடுகிறவர்களுக்கு இன்னும் வேலை அதிகம். உரிமத்தின் அசல் கையில் இருக்க வேண்டும். தோட்டாக்கள் தனியாகக் கட்டியிருக்க வேண்டும், பன்னாட்டு விதிப்படி ஒரு பயணிக்கு ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

“லைசென்ஸ் மேடம்?”

“இதுக்கு லைசென்ஸ் தேவையில்லப்பா. இதோ ரூல்ஸ்.”

“லைசென்ஸ் இல்லாத கன்னா?”

அவன் வேண்டுமென்று கத்தவில்லை. பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்ற வரிசை முழுவதும் எங்களைப் பார்த்தது. ஒரு அம்மா தன் குழந்தையை இழுத்துத் தன் பக்கமாக நிறுத்திக்கொண்டார். மகள் தலையைக் குனிந்து ஷூவின் கயிற்றைப் பார்த்தாள்.

தேவை என்று இருந்தால் ஒரு தாளைக் காட்டிவிடலாம். தேவையில்லை என்பதைக் காட்டுவதுதான் கடினம். கஸ்டம்ஸிலும் அப்படித்தான். வரி உள்ள சரக்கு சீக்கிரம் போய்விடும், வரிவிலக்கு உள்ள சரக்குத்தான் மூன்று நாள் கிடக்கும். எனவே எனக்கு அதில் கோபம் வரவில்லை. அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்தார். கோப்பை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எங்கள் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தார்.

“மேடம், ஜென்ட்ஸ் யாராவது வந்திருக்காங்களா?”

“இல்ல சார். நான்தான் அம்மா. பேப்பர் எல்லாம் இதுல இருக்கு.”

“பேப்பர் இருக்கட்டும். ஹஸ்பண்ட்?”

“கூட இல்ல.”

“பிரதர், கோச், யாராவது? ஒரு வார்த்தை பேசினா நல்லாருக்கும். உங்களுக்குப் புரியலன்னு சொல்லல. இது கன் விஷயம் பாருங்க.”

கவுன்ட்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. அந்தப் போட்டிக்காக அவள் நான்கு மாதம் காலை நான்கரைக்கு எழுந்திருக்கிறாள். நான் என் ஆபீஸ் முதலாளிக்குப் போன் செய்தேன். நடைப்பயிற்சியில் இருந்தார். விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். அந்த மனிதர் வாங்கிக் காதில் வைத்து, “ஓகே சார், ஓகே சார், அப்படிங்களா சார்” என்றார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையனிடம், “ஃபார்ம் எடு” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே ஒரு சிறிய அறை. மகள் பெட்டியைத் திறந்தாள். குழாய்க்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு போட்டிருந்தது. சிலிண்டரைத் தனியே எடுத்து முள்ளைக் காட்டினாள். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒரு பெண் காவலர் அங்கே இருந்தார். வடக்கத்திப் பெண், மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. இந்தியில் மகளிடம், எத்தனை மீட்டர், பத்தாம் வட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்டார். அரை மில்லிமீட்டர் என்று மகள் சொன்னதும் கண்ணை அகல விரித்தார். நாங்களும் வருடத்துக்கு ஒருமுறை சுடுவோம், சுட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். பெட்டிக்கு டேக் கட்டும்வரை கூடவே நின்றார். அவர் எங்களிடம் ஜென்ட்ஸ் யாரும் கேட்கவில்லை.

விமானம் மேலே போய்ச் சமநிலைக்கு வந்த பிறகு மகள் கேட்டாள்.

“ம்மா, அந்த அங்கிள் போன்ல என்ன சொன்னாரு?”

“நான் சொன்னதைத்தான்.”

“அப்புறம் ஏன்?”

ஜன்னல் வழியாக மேகம் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்.

சோதனை வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் பெட்டிகளில் வைத்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகள் இங்கேயே தங்கிவிட்டன. எங்கள் ஆபீசில் மூத்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். அடுத்த வருடம் ஜூனில் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதிலும் குண்டு இருந்தது சரக்கறைக்குப் போன ஒரு பெட்டியில்தான். அந்தப் பெட்டியை ஒப்படைத்த பயணி விமானம் ஏறவே இல்லை. விமானப் பாதுகாப்புக்கென்று தனித் துறை 1987 ஏப்ரலில் உருவானது அதனால்தான். 1999இல் காந்தகார் கடத்தல் நடந்த பிறகு, 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாகத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் போயிற்று. பெட்டி யாருடையது, உள்ளே என்ன, பெட்டிக்காரர் ஏறினாரா என்று மூன்று கேள்வி கேட்பதற்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன. கேட்கட்டும். இன்னும் நான்கு கேள்வி கேட்கட்டும். ஆனால் ஜென்ட்ஸ் வந்திருக்கிறார்களா என்பது எந்தப் பாதுகாப்புக் கையேட்டில் எழுதிய கேள்வி?

அந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பு, 2021 பிப்ரவரியில், மனு பாக்கருக்கு டெல்லி விமான நிலையத்தில் நடந்ததை மகள்தான் எனக்குக் காட்டியிருந்தாள். அவர் அப்போது காமன்வெல்த் போட்டியிலும் இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர், பத்தொன்பது வயது. போபாலுக்குப் பயிற்சிக்குப் போகத் துப்பாக்கிகளுடன் வந்தவரை, அனுமதிக் கடிதம் இருந்தும் ஏற விடவில்லை, பணம் கேட்டார்கள், அவமதித்தார்கள் என்று அவர் ட்விட்டரில் எழுதினார். ஆவணத்தைத்தான் கேட்டோம் என்று விமான நிறுவனம் சொன்னது. அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகு மனு விமானம் ஏறினார். பின்னாளில் பாரிஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய பெண் இவர். அவருக்கு ஒரு அமைச்சர், எனக்கு லிங்கி செட்டித் தெரு முதலாளி. ஆளின் உயரம்தான் வேறு.

ஆண் சுடுநர்களுக்கு விமான நிலையத்தில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிளப்பில் பையன்களும் காத்திருந்த கதைகளைச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்கும் கேள்விகள் துப்பாக்கியைப் பற்றியவை. தாளைக் காட்டினால் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். எங்களிடம் முதலில் எங்களைப் பற்றியே கேட்டுவிட்டுத்தான் துப்பாக்கிக்கு வருகிறார்கள்.

இந்த விளையாட்டின் வரலாற்றையே பார்க்கலாம். துப்பாக்கி சுடுதலுக்கு உடல் பலம் ஒரு சாக்கே இல்லை. அசையாமல் நிற்க வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும், பொறுமை வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகச் சுட்ட ரைஃபிள் போட்டியில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் லேனி பாஷமும் சம புள்ளி எடுத்தார்கள். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போயிற்று. தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர் மர்டாக்கைக் கைபிடித்து மேல் படியில் தன் பக்கத்தில் ஏற்றி நிறுத்திக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் ஸ்கீட் போட்டியில் ஆண்கள் அத்தனை பேரையும் வென்று தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. வென்றவருக்குத் தன் பதக்கத்தைக் காத்துக்கொள்ள இடமில்லை. பெண்களுக்கு ஸ்கீட் வந்தது 2000இல்தான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 குண்டு என்ற கணக்கு 2017 வரை இருந்தது. 2018இல்தான் பெண்களுக்கும் 60 ஆயிற்று. என் மகள் துப்பாக்கியைத் தொட்டபோது அது அறுபதாகிவிட்டது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே அறுபது குண்டைச் சுட்டு உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியிருந்தார். இந்த நாற்பது, அறுபது கதையைச் சொன்னபோது மகள் நம்பவில்லை. “ஏன்மா, இருபது குண்டுல கை வலிச்சிடுமா?” என்றாள்.

டெல்லியிலிருந்து திரும்பி வந்த பிறகு முதலாளிக்கு நன்றி சொன்னேன். “இதுல என்னம்மா இருக்கு, எப்ப வேணா கூப்பிடு” என்றார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அவர் வராத நாளில் நான் என்ன செய்வேன்?

கஸ்டம்ஸ் சட்டத்தில் 17(5) என்று ஒரு பிரிவு உண்டு. நாம் சொன்ன மதிப்பையோ வகையையோ அதிகாரி ஏற்காமல் மாற்றினால், நாம் அதை ஒத்துக்கொள்ளாவிட்டால், ஏன் மாற்றினேன் என்று காரணம் எழுதி அவர் 15 நாளுக்குள் உத்தரவு தர வேண்டும். ஜி கார்டு வாங்கிய புதிதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததும் இதே முதலாளிதான். “வாயால ‘முடியாது’ன்னு சொல்றவங்ககிட்ட சண்டை போடாதே. எழுதிக் கொடுங்க சார்னு மட்டும் சொல்லு. பாதிப் பேர் எழுத மாட்டாங்க.” இருபது வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பெட்டிகளை வெளியே எடுத்திருக்கிறேன். ஊரார் பெட்டிகளுக்காகச் சொன்னதை என் மகளின் பெட்டிக்காக ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

2023இல் மறுபடி டெல்லி. விமான நிறுவனம் வேறு, கவுன்ட்டர் வேறு, மேலதிகாரி வேறு. கேள்வி மட்டும் அதேதான். “சார் யாராவது வந்திருக்காங்களா மேடம்?”

“இல்ல சார். இந்த கன்னை ஏத்த முடியாதுன்னா, என்ன காரணம்னு எழுதிக் கொடுங்க. உங்க பேர், பதவி போட்டு.”

“ஏத்த முடியாதுன்னு நான் சொல்லலையே மேடம்.”

“அப்ப ஏத்துங்க.”

“யாராவது பேசினா…”

“நான் பேசிட்டுத்தான் சார் இருக்கேன்.”

அவர் எழுதவும் இல்லை, ஏற்றவும் இல்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வேறொருவருக்குப் போன் செய்தார். மகள் என் கையைப் பிடித்து, “ம்மா, அங்கிளுக்குப் போன் பண்ணும்மா” என்றாள், மெதுவாக. நான் செய்யவில்லை. நாற்பது நிமிடம் கழித்து மேலாளர் பெண்மணி ஒருவர் வந்தார். கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். மூன்று நிமிடத்தில் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். “ஸாரி மேம்” என்றார். ஓடினோம். கடைசி ஆளாக ஏறினோம்.

டெல்லியில் துப்பாக்கி வரவில்லை. எங்களைப் போல ஓட அதற்குக் கால் இல்லை. மறுநாள் காலை விமானத்தில் வரும் என்றார்கள். வந்தது. அதை வாங்கிக்கொண்டு துக்ளகாபாத்தில் கர்ணி சிங் ரேஞ்சுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, போட்டிக்கு முந்தைய பயிற்சி நேரம் முடிந்திருந்தது. புதிய ரேஞ்சின் வெளிச்சம், நிற்கும் தரை, இதெல்லாம் கண்ணுக்கும் காலுக்கும் பழகத்தான் அந்த நேரம். அடுத்த நாள் அவள் நேரே போட்டியில் நின்றாள். வழக்கமாக 615க்கு மேல் போகிறவள். அன்று 608.4.

அறைக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “உனக்கு உன் கவுரவம் முக்கியம். எனக்கு அந்த ஒரு நாள் பிராக்டிஸ் முக்கியம். ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அது பயிற்சி இல்லாததால் வந்த புள்ளியா, அன்றைக்கு அவள் மனசு சரியில்லாததால் வந்ததா, இல்லை அன்றைய புள்ளியே அதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் போட்ட சண்டைக்கு விலை கொடுத்தது அவள். இதைப் போன்ற கட்டுரைகளில் அந்தச் சண்டையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவது எளிது. அதனால்தான் 608.4ஐயும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால், சிறையில் இருப்பவர்களைப் பார்க்க வரும் பெண்களைக் காலையிலேயே பார்க்கலாம். கையில் துணிப் பை, பழம், மாற்றுத் துணி, ஆதார் ஜெராக்ஸ். அம்மாக்கள், மனைவிகள், அக்காக்கள். திருவொற்றியூர், எண்ணூர், இன்னும் தூரத்திலிருந்தும் வருகிறவர்கள். பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து அவர்களில் சிலருக்கு நான் மனு எழுதிக் கொடுப்பதுண்டு. ஒரு சனிக்கிழமை, மகனைப் பார்க்க வந்த ஒரு அக்காவிடம் பெரிய தைரியசாலி மாதிரி சொன்னேன்: “எங்கேயாவது முடியாதுன்னு சொன்னா எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதிக் கேக்குறதுக்கு உனக்கு உத்தியோகம் இருக்குது, தாயி. எனக்குப் புள்ள உள்ள இருக்குது” என்றார்.

மகள் சொன்னதும் அந்த அக்கா சொன்னதும் ஒன்றுதான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எழுதிக் கேட்பதற்கும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவைத் தாங்க முடிந்தவர்கள்தான் கேட்க முடியும். தாங்க முடிந்தவர்களும் கேட்காமல் போனில் முடித்துக்கொண்டால், அடுத்து அந்தக் கவுன்ட்டருக்கு வரும் பெண்ணின் தோளுக்கு மேலேயும் அந்த மனிதர் எட்டித்தான் பார்ப்பார். இதை மகளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை.

இப்போது அவள் கல்லூரி. பதினெட்டு முடிந்துவிட்டது. போன முறை தனியாகப் போகிறேன் என்றாள். கோப்பைக் கேட்டு வாங்கி, என் மஞ்சள் கோடுகளுக்கு மேல் அவளே ஒட்டுச்சீட்டு ஒட்டினாள். துப்பாக்கி அன்றைக்கு ஏறாமல் போனாலும் பயிற்சி கெடாமல் இருக்க, ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் போட்டாள். ஒரு நாள் அறை வாடகை கூடுதல். நான் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்தேன்.

டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தூரத்தில் கவுன்ட்டர் தெரிந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்து ஏதோ சொன்னாள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் எழுந்தார். இன்னொருவர் வந்தார். அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அவள் கோப்பைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். சீட்டு விளையாடுகிறவள் மாதிரி, அவசரமே இல்லாமல்.

என் கையில் போன் இருந்தது. முதலாளியின் எண் மேலேயே இருந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றேன். கால் கடுத்தது. பிறகு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பெட்டியின் கைப்பிடியில் கட்டிய டேக். கீழே ஒரு வரி: “எழுதிக் கேட்டேன். எழுதல. ஏத்திட்டாங்க. நீ வீட்டுக்குப் போ.”

மீனம்பாக்கத்தில் மெட்ரோ பிடித்தேன்.